புளி போட்டு மினுக்கிய ரோமக் காசு

மொன்றியலில் நம் வயதுத் தமிழர் பலருக்கு இந்தக் கதை தெரியும். லாசால் பகுதியில் இருந்த ஒரு பெண், இரண்டாயிரம் வருடப் பழைய ரோமக் காசு ஒன்றைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு மினுக்கிவிட்டாள். பார்க்க வந்த பேராசிரியருக்கு மயக்கம் வந்தது. கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது இதைச் சொல்வார்கள். சிலர் சொல்லும்போது பேராசிரியர் அழுவார். ஒருமுறை அவரை அம்புலன்ஸில் ஏற்றியதாகவும் கேட்டேன்.

அந்தப் பெண் என் அம்மா. பேராசிரியர் அழவில்லை, மயங்கவும் இல்லை. தேநீரை அடிவரை குடித்துவிட்டுத்தான் போனார். அந்த அறையில் நான் இருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. அங்கே பேசப்பட்ட ஒவ்வொரு வசனமும் என் வாய் வழியாகத்தான் இரண்டு பக்கமும் போனது. பிறகு என் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பத்திரிகை வேலையில் கழித்தேன். பிழையான செய்தி போனால் திருத்தம் போடுவோம். இதற்கு மட்டும் போடவில்லை. அம்மா போன மாரியில் காலமானார். இனி இதைச் சொல்வதால் யாருக்கும் கேடில்லை.

அந்தக் காலத்து லாசால் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். செங்கல் நிற அடுக்குமாடி, நடைவழியில் எப்போதும் யாருடையதோ சமையல் மணம், வெப்பக் குழாய்களின் மேல் காயும் நனைந்த கையுறைகள். கம்பளி காயும்போது ஒரு மணம் வரும், நனைந்த ஆட்டின் மணம். மட்டக்களப்பிலிருந்து வந்த எங்களுக்கு அந்த வீட்டில் எல்லாமே புதியவை, அதாவது மற்றவர்கள் பாவித்துவிட்டுக் கொடுத்தவை. அப்பா டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்கான சமையற்கூடத்தில் வேலை செய்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே இடத்தில் விமானங்களின் உள்ளே கூட்டித் துடைத்தார்.

மாமா அந்த வருட இலையுதிர்காலத்தில்தான் வந்திருந்தார். கொழும்பிலிருந்து எங்கும் தங்காமல் வந்ததாக எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். உண்மையில் காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை இத்தாலியில் இறக்கிவிட்டுக் காணாமல் போய்விட்டான். நேப்பிள்ஸுக்குத் தெற்கே, எரிமலை அடிவாரத்துத் தக்காளித் தோட்டங்களில் ஒரு வருடத்துக்குக் கிட்ட மாமா வேலை செய்தார். அங்கே பாதுகாப்பாகத்தானே இருந்தாய், அங்கேயே அகதியாகப் பதிந்திருக்கலாமே என்று இங்கே அகதி விசாரணையில் கேட்பார்கள், கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பெரியவர்கள் நம்பினார்கள். ஆகவே இத்தாலி என்பது எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொல். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாடு இருந்திருக்கும். சிலருக்கு அது ஜெர்மனி, சிலருக்கு சுவிஸ். பிள்ளைகள் அந்தப் பெயரைப் பூகோளப் படத்தில்கூடத் தொடமாட்டார்கள்.

ஒருநாள் லிஃப்டில் இரண்டாம் மாடி இத்தாலிய அம்மையார் மாமாவைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ சொன்னார். மாமா யோசிக்காமல் அதே மொழியில் பதில் சொன்னார். அம்மையார் மகிழ்ந்துபோய் மேலும் நாலு வசனம் பேசினார். அம்மா மாமாவின் முழங்கைக்கு மேல் பிடித்துக் கிள்ளினார். கதவு திறந்ததும் முதல் வேலையாகச் சொன்னார்.

"டேய் தம்பி, விசாரணை முடியுமட்டும் நீ ஊமைகா. விளங்கினதா?"

"கேட்டாவே அக்கா. மரியாதைக்குச் சொன்னன்."

"உன்ர மரியாதை உன்னைப் பிளேனில ஏத்தி அனுப்பும்."

அந்த நாட்டிலிருந்து மாமா கொண்டுவந்தது ஒரேயொரு சாமான். பிலிம் சுருள் வரும் சிறு டப்பாவில், பஞ்சுக்குள் ஒரு காசு. என் உள்ளங்கையில் பாதியை மறைக்கும். ஒரு பக்கம் இடது புறம் பார்க்கும் ஆணின் தலை. நீண்ட கழுத்து, பெரிய காது. மறு பக்கம் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் கேடயத்தோடு ஈட்டியை எறியக் கை ஓங்கி நின்றாள். அவளுக்கு இரு புறமும் எஸ் என்றும் சி என்றும் பெரிய எழுத்துகள். காசின் நிறம் பாசிப் பச்சை, மேடான இடங்களில் கறுப்பு. எழுத்தின் வளைவுகளிலும் காதின் உள்ளேயும் கரிய மண் கெட்டியாக இறுகிக் கிடந்தது. தக்காளிக் கொடிக்கு நட்ட கம்பைப் பிடுங்கியபோது அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். முதலாளியிடம் காட்டாமல் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டாராம். அந்தப் பெண்ணை மாமா ஈட்டிக்காரி என்பார்.

"இவதான் என்னை இஞ்ச கொண்டு வந்து சேர்த்தவ" என்பார். எப்படி என்று கேட்டால் சிரிப்பார்.

தை மாதத்தில் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியை ஒரு வேலை தந்தார். அவரை மடாம் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். ஒவ்வொருவரும் வீட்டிலிருக்கும் மிகப் பழைய பொருளைக் கொண்டுவந்து வகுப்புக்குக் காட்ட வேண்டும்.

"எவ்வளவு பழசு?" என்று அம்மா கேட்டார்.

"எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லதாம்."

"இந்த வீட்டில ஆகப் பழசு நான்தான்" என்றார் அப்பா. "என்னைக் கட்டிக் கொண்டு போ."

அம்மா சிரிக்கவில்லை. அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்ததை நான் பார்த்தேன். சோபா தேவாலயச் சந்தையில் வாங்கியது. பானைகள் போன வருடத்தவை. குத்துவிளக்கு ரொறன்ரோவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. பழைய சாமான் எல்லாம் ஊரில் வீட்டோடு எரிந்து போயிருந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மரச் சறுக்குக் கட்டைகளும் சுவர்க் கடிகாரங்களும் கொண்டுவருவார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அம்மா உள்ளே போய் மாமாவின் டப்பாவை எடுத்து வந்தார். மாமா வேலைக்குப் போயிருந்தார்.

"இதைக் கொண்டு போ. எங்கட ஊரில கிடைச்சது எண்டு சொல்லு."

"மாமாக்கு?"

"நான் சொல்லிக் கொள்ளுறன். ஒருத்தரும் எங்களை வெறுங்கையோட வந்த ஆக்கள் எண்டு நினைக்கக் கூடாது."

இன்று பார்க்கும்போது, அம்மா அந்தக் குளிர்காலம் முழுவதும் எடுத்த முடிவுகளில் இது ஒன்றுதான் பயத்தால் எடுக்காதது. அதுதான் பிழையாகவும் போனது.

மடாம் காசைக் கையில் வாங்கியதும் வகுப்பில் பேச்சை நிறுத்தினார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் தன் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் பழைய நாணயங்களைப் படிப்பவர், எங்கள் வீட்டுக்கு வந்து காசைப் பார்க்க விரும்புகிறார். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆசிரியை அனுப்பும் ஆளை வராதே என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அவர் ஒரு சனிக்கிழமை மடாமோடு வந்தார். உயரமான, மெலிந்த மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் ஓட்டை இருந்தது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மேசையில் ஒரு மென்துணியை விரித்து அதன்மேல் காசை வைத்து, விளிம்பில் மட்டும் விரல் படத் தூக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தார். பார்த்தபடியே பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

தலை கிளாடியஸ் என்ற சக்கரவர்த்தியுடையது. ஈட்டிக்காரி மினேர்வா என்ற தெய்வம். எஸ், சி என்பது செனற் சபையின் ஒப்புதலோடு அடித்தது என்பதற்கு. இவற்றைப் பொதுவாக வெண்கலக் காசு என்பார்கள். பெரியவை பித்தளை, இது செம்பு. பொன்னும் வெள்ளியும்தான் மிளகுக்காகக் கடல் தாண்டிப் போயின. இது ரொட்டிக் கடையிலும் குளிப்பு மண்டபத்திலும் கொடுக்கிற காசு, ஊரை விட்டுப் போகாத காசு. பிற்காலச் சிறு காசுகள் இலங்கையில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்தக் காலத்துச் செம்பு அங்கே கிடைத்தது என்றால் அது பெரிய விஷயம். இதே கிளாடியஸிடம் இலங்கையிலிருந்து தூதர்கள் போனதாக அக்காலத்து ரோமர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

கடைசி வசனத்தைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. மடாம் என் தோளை அழுத்தினார்.

"காசு எது என்பது பாதி" என்றார் பேராசிரியர். "எங்கே கிடந்தது என்பதுதான் மீதி. கண்டெடுத்தவர் யார்?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கதவு நிலையோடு சாய்ந்து நின்றார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவர், துப்புரவு மருந்தின் எலுமிச்சை மணம் அவரிடமிருந்து வந்தது. அம்மா தேநீர்த் தட்டோடு அசையாமல் நின்றார்.

"வயலுக்க" என்றார் மாமா. "வரம்பு வெட்டேக்க. மண்வெட்டியில ஒட்டிக்கொண்டு வந்தது."

நான் மொழிபெயர்த்தேன். யாருடைய வயல் என்று அவர் கேட்டார்.

"எங்கட அப்பாட வயல். ஆத்துப் பக்கம். அப்பாதான் முதல்ல கண்டவர். மண்ணைத் துடைச்சு, இது உனக்குத்தான்டா எண்டு தந்தவர்."

மாமா தொடர்ந்து சொன்னார். அவருடைய அப்பா தலையில் கட்டியிருந்த துண்டின் நிறத்தைச் சொன்னார், அன்று சாப்பிட்ட கறியைச் சொன்னார். மாமா இத்தாலியில் இருந்தபோதுதான் அவருடைய அப்பா ஊரில் இறந்தார். செத்த வீட்டுக்கு மாமா போகவில்லை. அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். நான் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். மடாமின் கண்கள் கலங்கின.

அந்த மனிதர் பிறகு ஒன்று சொன்னார். எழுத்தின் வளைவுகளில் இருக்கும் மண்ணைக் கண்ணாடியால் காட்டினார். காசு கிடந்த நிலத்தின் மண் அது, இதைப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த ஊர் நிலம் என்றே சொல்லலாம், நீங்கள் சொன்னதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். காசை எடுத்துப் போக அனுமதி தந்தால், சோதித்துவிட்டு, உங்கள் குடும்பத்தின் பெயரும் ஊரின் பெயரும் போட்டு அச்சில் கொண்டுவருவேன்.

குசினி வாசலுக்கு வந்திருந்த அம்மாவுக்கு இதைச் சொன்னேன்.

"மண்ணைப் பாத்தா ஊர் தெரியுமாமா?"

"ஓம் அம்மா."

அம்மா அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "சாமித்தட்டில வச்சிருக்கிற சாமான். பூசை முடிச்சு அடுத்த கிழமை தாறம் எண்டு சொல்லு."

அவர் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார்.

அவர்கள் போனதும் நடந்த சண்டையில் சத்தம் இல்லை. சுவர் மெல்லியது. மாமாவின் விசாரணைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

"துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுவம்" என்றார் அப்பா.

"துலைஞ்சா அந்தாள் இன்னும் கேக்கும் மச்சான்" என்றார் மாமா. "மறுகா என்னைத்தான் கூப்பிடும். எந்த வயல், எந்த வரம்பு எண்டு."

"பேப்பரில வந்தா விசாரணைக்காரன் பாக்காம விடுவானா? மண் இத்தாலி மண் எண்டு வந்தா?" என்றார் அப்பா.

"அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா குத்துவிளக்கையும் செம்பையும் இறக்கினார். மீன் கறிக்கு ஊறவைத்திருந்த புளியில் பாதியை எடுத்தார், உப்பு எடுத்தார், இரும்புக் கம்பிப் பஞ்சும் எடுத்தார். முதலில் விளக்கைத்தான் மினுக்கினார், வழக்கம்போல, அடியிலிருந்து மேலே. பிறகு செம்பு. பிறகு டப்பாவைத் திறந்தார். புளித்தண்ணீர் முதலில் பச்சையாகி, பிறகு கறுத்து, தொட்டிக்குள் ஓடியது. தீக்குச்சியின் முனையைச் சீவி, காதுக்குள்ளும் எழுத்துக்குள்ளும் விட்டு மண்ணைத் தோண்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா என்னைப் போகச் சொல்லவுமில்லை, எதையும் விளங்கப்படுத்தவுமில்லை. முடிந்ததும் தொட்டியைக் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவினார், மண் ஒரு துளியும் மிஞ்சாமல்.

காசு இளஞ்சிவப்பாக இருந்தது, புதுச் செப்புக் குடம் போல. முகமெல்லாம் சிறு குழிகள். அந்தப் பச்சைப் படலத்தில்தான் முகம் இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். படலம் போனதும் கிளாடியஸுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. ஈட்டிக்காரியின் கையில் ஈட்டி தெரியவில்லை.

மாமா வேலையால் வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"மன்னிச்சுக்கோ தம்பி" என்றார் அம்மா. "நீ எனக்கு வேணும்."

மாமா டப்பாவை மூடினார்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்தபோது அம்மா சேலை உடுத்திருந்தார். காசை வெற்றிலைத் தட்டில் வைத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். அந்தப் புன்னகையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் புன்னகை.

"அழுக்கா இருந்தது. விளக்கு மினுக்கேக்க இதையும் மினுக்கினன். இப்ப வடிவா இரிக்கு எண்டு சொல்லு."

ஊரில் அம்மா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். புளியில் இருப்பது அமிலம் என்பதும், அது செம்பை என்ன செய்யும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். நான் அவர் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தேன்.

அந்த மனிதர் காசைத் தொடவில்லை. கண்ணாடியை எடுத்தவர் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்தார். மடாம்தான் "ஓ" என்று வாயை மூடிக்கொண்டார். பேராசிரியர் தேநீரைக் குடித்தார். பிறகு, உங்கள் மேல் பிழையில்லை, எவருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று மெதுவாகச் சொன்னார். மண்ணும் படலமும் இல்லாமல் இதை அச்சில் கொண்டுவர முடியாது என்றார். வாசலில் மாமாவின் கையைப் பிடித்து, உங்கள் தந்தையின் நினைவுப் பொருள் இப்படியானதற்கு வருந்துகிறேன் என்றார். இதையும் நான்தான் மாமாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மடாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்தினார். பழைய பொருளைச் சுத்தம் செய்யக்கூடாது, அன்பினால் செய்தாலும் அறியாமை வரலாற்றை அழித்துவிடும். யாருடைய அம்மா என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒரு பிள்ளையும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் திரும்பாமல் இருப்பது எப்படித் தெரியும் என்பதை அன்று அறிந்தேன்.

சித்திரை வருடப் பிறப்புக்கு வந்திருந்த ஆட்கள், அந்த வெள்ளைக்காரன் ஏன் வந்து போனான் என்று கேட்டபோது, அப்பா இதை முதன்முதலாகப் பகிடியாகச் சொன்னார். "என்ர மனிசி ரோம் சக்கரவர்த்திக்கே முழுக்கு வார்த்தவ!" எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி அதோடு நின்றது. அம்மாவும் சிரித்தார். கதை அன்று வெளியே போனது. பிறகு திரும்பி வரவில்லை.

விசாரணை அதற்கு அடுத்த மாதம். மாமா அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார், அப்பாவும் கூடப் போனார். பின்னேரம் இருவரும் வந்தபோது அப்பாவின் முகம் சிவந்திருந்தது.

"ஏத்துக்கொண்டாங்க" என்றார். அம்மா சாமித்தட்டின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "பொறு. முழுக்கக் கேள். இவன் இத்தாலியைச் சொல்லிப்போட்டான்."

அம்மா கையை இறக்கவில்லை.

"கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கயில்ல. தானாச் சொன்னவன். தோட்டத்தில நிண்டது, ஏஜென்சிக்காரன் விட்டிட்டுப் போனது, எல்லாம். விசாரிச்ச மனிசி எழுதிக்கொண்டு, சரி, மேல சொல்லுங்க எண்டா. அவ்வளவுதான்."

"ஏன்டா?" என்று அம்மா மாமாவைக் கேட்டார்.

மாமா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "அப்பாவை வச்சு அந்தாளுக்குப் பொய் சொன்னன் அக்கா. அதுக்குப் பிறகு எனக்குப் பொய் வருதில்ல."

இந்த இடத்தில் ஒரு குடும்பம் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். அம்மா குசினிக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கேட்டார்.

"அப்ப நான் என்னத்துக்கடா அந்த மனிசருக்கு முன்னால மடைச்சியா நிண்டனான்?"

அதன்பின் பல மாதங்கள் அம்மா மாமாவோடு தேவைக்கு மட்டுமே பேசினார். சாப்பாடு போட்டார், உடுப்புத் தோய்த்தார், பேசவில்லை. மாமா அடுத்த வருடம் ரொக்ஸ்பரோவில் அறையெடுத்துப் போனார். அந்தக் காசு என்ன ஆனது என்று அவருக்கும் தெரியவில்லை. அண்மையில் கேட்டேன்.

விசாரணை முடிந்த அன்றிரவு படுக்கையில் அம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பள்ளிக்கூடம் மூடுறதுக்கு முதல் உன்ர ரீச்சரிட்டச் சொல்லு. அம்மா தெரிஞ்சுதான் செய்தவ எண்டு. இத்தாலிக் கதை வேண்டாம். இது ஒண்டை மட்டும் சொல்லு."

மாமாவை ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பயம் போகவில்லை. காரணத்தைச் சொல்லாமல் அந்த வசனத்தை மட்டும் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வகுப்பின் கடைசிக் கிழமை, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கும் நேரத்தில், மடாமிடம் போய்ச் சொன்னேன். "என் அம்மா தெரிந்துதான் அப்படிச் செய்தார்."

மடாம் என் உயரத்துக்குக் குனிந்தார். அவரிடமிருந்து எப்போதும் வரும் சுண்ணக்கட்டி மணம் வந்தது.

"உன் அம்மா நல்லதென்று நினைத்துத்தான் செய்தார், கண்ணே. அவரை யாரும் குறை சொல்லவில்லை."

"இல்லை. அவருக்குத் தெரியும்."

"ஓம்" என்றார் மடாம், என் கன்னத்தைத் தொட்டு. "இப்போது தெரியும். அதுதான் முக்கியம்."

வீட்டுக்கு வந்தேன். அம்மா தொட்டியடியில் நின்று மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். திரும்பாமல் கேட்டார்.

"சொன்னியா?"

"சொன்னன்."

"அவ என்ன சொன்னா?"

அந்த வருடம் முழுவதும் நான் இரண்டு பக்கத்துக்கும் உள்ளதை உள்ளபடியே சொல்லி வந்தவள். கடையில், வைத்தியரிடத்தில், வீட்டுச் சொந்தக்காரரிடம், அந்த மேசையடியில்.

"தான் பிழையா நினைச்சிட்டாவாம். உங்களிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னவ."

கத்தி நின்றது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், கொஞ்சம் நேரமெடுத்து.

"அவ அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா, மகள்" என்றார். "சரி. கோப்பையை எடு, சாப்பிடுவம்."